மேடு பள்ளத்து விளையாட்டு

நிறைவு விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என்று குழுவினர் கேட்டபோது, பொருள் எதுவாயினும் ஆகுக, கல்லூரியோடு சிறிது தொடர்பிருந்தாற் போதும் என்றனர். ஆசிரியப் பெருமக்களின் கண்டிப்பையும், விடுதிச் சாம்பாரின் தெளிவையும், பெரும் போட்டிகளின் ஆரவாரத்தையும் என்னினும் வல்லார் பலர் எழுதுவர். நான் எழுதப் புகுவது ஒரு விளையாட்டைப் பற்றி. அது நம் மைதானத்தில் ஒருநாளேனும் ஆடப்பட்டதன்று. நான் மாணவனாயிருந்த 1960களின் தொடக்கத்தில் அதற்கென அமைந்த நிலையான களம் உலகில் எங்கும் இருந்ததில்லை. எனினும் அதனை எண்ணுந்தோறும் நம் மைதானமே முதலில் நினைவுக்கு வருகின்றது. காரணம், அந்த மைதானத்தின் சமதளம்.

யாழ்ப்பாணத்திற் பிறந்த அன்பர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். நான் பிறந்தது கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்தில். தந்தையார் அங்கே கணக்கப்பிள்ளை. விடுதியிற் சேர்ந்த முதல் மாலை மைதானத்தின் ஓரத்தில் நின்று நான் வியந்தது கட்டடத்தையன்று, பந்தை. உதைத்த பந்து ஓடிற்று, ஓடியபின் நின்றது, நின்ற இடத்திலேயே கிடந்தது. எங்கள் தோட்டத்தில் அவ்வாறு கிடக்கும் பந்தை நான் கண்டதில்லை. லயத்து வாசலில் அடித்த பந்து படிக்கட்டில் இறங்கி, கானில் விழுந்து, மூன்று நம்பர் மலையைக் கடந்து ஓடைக்குப் போய்விடும். கானுக்குள் அடித்தவன் ஆட்டமிழந்தான் என்பது எங்கள் கிரிக்கெட் விதி. ஆட்டமிழந்தவனே பந்தை எடுத்துவரவும் வேண்டும். அவன் மீளுமுன் இருட்டிவிடுவதும் உண்டு.

தோட்டங்களிற் சமதரை இல்லாமலில்லை. இருந்த சமதரையில் ஆலை நின்றது. பங்களாவும் அதன் புல்தரையும் நின்றன. எஞ்சிய துண்டில் உரக் களஞ்சியம் நின்றது. லயங்களோ மலைச்சரிவை வெட்டிய விளிம்புகளில் வரிசையாக ஏறின. பிள்ளைகள் விளையாடுவதற்கென்று நிலத்தை ஒதுக்கவேண்டும் என்ற எண்ணம் வரைபடம் வரைந்தவர்களுக்குத் தோன்றவில்லை. பிற்காலத்திற் சில தோட்டங்களில் மலையை வெட்டி மைதானம் அமைத்தனர். எங்கள் மலை அந்தப் பேற்றைப் பெறவில்லை.

இன்னொரு குறையும் இருந்தது. பதினொருவர் சேர்ந்தபாடில்லை. என்னோடு சிரட்டை எறிந்து விளையாடியவர்களுட் பாதிப்பேர் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அடுத்தடுத்த ஆண்டுகளில் தலைமன்னார் வழியாகக் கப்பலேறினர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் பெற்றோரை நாடற்றவராக்கியிருந்தது. இவர்கள் பெற்றோரின் பின் போயினர். எஞ்சியோரிற் சிலர் 1977ஆம் ஆண்டுக்குப் பின்னும், பலர் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களிற் கலவரம் மூண்ட 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துக்குப் பின்னும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர். காவத்தையில் இருந்த என் ஒன்றுவிட்ட அண்ணர் குடும்பம் அவ்வாறு பெயர்ந்ததே. பின் 1983 வந்தது. ஆகவே, கூட்டமாக ஆடும் விளையாட்டு எதனையும் எங்கள் தோட்டத்திற் பத்தாண்டு தொடர்ந்து ஆடினார் என்று சொல்வதற்கில்லை. ஒரு குழு அமையும்; அமைந்த குழு கலையும்.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின் நான் ரொறன்ரோவிலுள்ள மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அது 2022ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். வீட்டுக்குள் அடைந்து கிடந்த என்னைப் பேரன் ஒரு பூங்காவுக்கு அழைத்துச் சென்றான். டொன் ஆற்றின் மேற்குக் கிளை ஓடும் பள்ளத்தாக்கில் அமைந்தது அது. இயற்கை நூல்கள் எழுதிய ஏர்னஸ்ட் தொம்சன் சீற்றனின் பெயரால் வழங்குவது. ஒரு பக்கத்தில் அம்பெய்வோருக்கு இலக்குகள் நட்டிருந்தார்கள். மறுபக்கத்தில் மரங்களிடையே இரும்புக் கம்பங்கள் தெரிந்தன. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கம்பிக்கூடை. கூடைக்கு மேலே சுற்றிலும் தொங்கும் சங்கிலிகள். பேரன் பையிலிருந்து தட்டுகளை எடுத்தான். கடற்கரையில் எறிந்து பிடிக்கும் பிரிஸ்பீத் தட்டைப் போன்றவை, ஆயினும் அதனினும் சிறியவை, கனமானவை, விளிம்பு கூரியவை. தட்டுக் கோல்ப் என்பது இதுதான் என்றான்.

விதிகளை விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை. எறிமேடையில் நின்று கூடையை நோக்கித் தட்டை எறிதல் வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிதல் வேண்டும். தட்டுக் கூடைக்குட் சேரும்வரை எத்தனை எறி என்பதை எண்ணுதல் வேண்டும். பதினெட்டுக் கூடைகள்; மிகக் குறைந்த எண்ணிக்கை உடையவர் வென்றவர். எல்லைக்குப் புறத்தே விழுந்தால் ஓர் எறி தண்டம். தொலைவுக்கு ஒருவகைத் தட்டு, நடுத்தூரத்துக்கு ஒருவகை, கூடையருகே மெல்ல இடுவதற்கு இறப்பரைப்போல் நெகிழும் இன்னொருவகை. இருநூறு கிராமுக்கு மேற்பட்ட தட்டை எறிதல் விதிக்கு மாறு. ஒருவர் தனியாகவும் ஆடலாம்; நால்வராகவும் ஆடலாம்.

அன்று என் கணக்கு எவ்வளவு என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பேரன் நல்ல பிள்ளை. எண்ணுவதை ஆறாம் கூடையோடு நிறுத்திவிட்டான். என் மனத்திற் பதிந்தது வேறொன்று. களத்திற் சமதரை அரிதாயிருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கும், பள்ளத்திலிருந்து மேட்டுக்கும், இரண்டு மரங்களின் நடுவிலும், ஆற்றின் ஓரத்திலும் எறியவேண்டியிருந்தது. சரிவும் மரமும் இந்த விளையாட்டுக்கு இடையூறல்ல. அவை இல்லையாயின் விளையாட்டே இல்லை. சிறு வயதில் எங்கள் மலையில் எவை எவை பந்தைக் கெடுத்தனவோ அவையெல்லாம் இங்கே களத்தின் அங்கங்களாயிருந்தன.

பேரனிடம் இதன் வரலாற்றை வினவினேன். பின்னர் நானும் தேடிப் படித்தேன். தட்டெறிதல் எவருடைய கண்டுபிடிப்பும் அன்று. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பிளாட்வர்த் என்னும் சிற்றூரிற் பள்ளிச் சிறுவர் 1926 அளவில் தகர மூடிகளை எறிந்து கோல்ப் ஆடினராம். அதற்குப் பன்னிரண்டாண்டுக்குப் பின் கலிபோர்னியாக் கடற்கரையில் வால்ற்றர் மொறிசன் என்னும் இளைஞன் தன் காதலியோடு கேக் சுடும் தட்டொன்றை எறிந்து விளையாடியபோது, ஐந்து சதத் தட்டுக்கு ஒருவர் இருபத்தைந்து சதம் தர முன்வந்தார். அதுவே வியாபாரமாயிற்று. பின்னர் அவர் பிளாத்திக்கில் தட்டு வார்த்தார். வம்-ஓ என்னும் நிறுவனம் 1957இல் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்திற் பணிபுரிந்த எட் ஹெட்றிக் என்பார் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதலாவது நிலையான களத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு ஆட்டக்காரர் சங்கமும், அதற்கடுத்து இந்தச் சங்கிலிக் கூடையும் அவர் முயற்சியால் உருவாயின. முதலில் வெறுங் கம்பங்களே இலக்காயிருந்தன. தட்டுப் பட்டதா இல்லையா என்ற வழக்குத் தீராமையாற் கூடை தோன்றிற்று. ஹெட்றிக் 2002இற் காலமானபோது அவர் விருப்பப்படி அவருடைய சாம்பலைச் சேர்த்துச் சில தட்டுகள் வார்க்கப்பட்டன. கீரிமலையில் அத்தியைக் கரைத்துப் பழகிய நமக்கு இது விபரீதமாய்த் தோன்றும். எனினும், கரைந்தும் மிதந்தும் போவதைக் காட்டிலும் மரத்தில் மோதி விழுவது அம்மனிதருக்கு உவப்பாயிருந்தது போலும்.

பூங்காவில் நுழைவுச் சீட்டு இல்லை. உறுப்பினர் அட்டை இல்லை. எந்தச் சப்பாத்து, எந்தச் சட்டை என்ற வினாவும் இல்லை. எங்களுக்கு முன்னே வேலைச் சீருடையோடு ஒருவர் தனியாக எறிந்துகொண்டு போனார். பின்னே தாயும் இரு பிள்ளைகளும் வந்தனர். இதைக் கண்டபோது என் சிற்றப்பா நினைவுக்கு வந்தார். கோல்ப் நம் நாட்டுக்குப் புதிதன்று. கொழும்பிற் கழகம் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் தோன்றின. பசும்புல் வெளிகளைத் தோட்டத் துரைமார் கண்போற் காத்தனர். சிற்றப்பா இளமையில் மலைநாட்டில் அத்தகைய களமொன்றிற் பந்துப் பை சுமந்தவர். எவர் அடித்த பந்து எந்தப் பற்றைக்குள் விழுந்தது என்பதை அவர் கண் தப்பாது. எந்தத் தடியால் எவ்வளவு தூரம் என்பதும் அவருக்கு மனப்பாடம். பன்னிரண்டு ஆண்டு அந்த வேலை செய்தும் தாம் ஒரு பந்தை அடித்ததில்லை என்று அவர் சொன்னார். வருந்திச் சொன்னாரல்லர்; வானம் நீலம் என்பதுபோற் சொன்னார். அதுதான் எனக்கு உறுத்திற்று.

பேரன் 2024ஆம் ஆண்டு மாரி விடுமுறைக்கு எங்களிடம் வந்தான். பெட்டியில் ஆறு தட்டுகள் இருந்தன. தோட்டத்துச் சரிவுகளைப் பார்த்ததும் அவன் கேட்ட முதற் கேள்வி, “தாத்தா, இங்கே ஏன் ஒரு களம் இல்லை?” என்பது. விடை சொல்லத் தொடங்கினால் 1948இலிருந்து தொடங்கவேண்டும் என்று அஞ்சி, “கேட்டுப் பார்ப்போம்” என்றேன்.

இறப்பர்த் தோட்டத்தின் நாளொழுங்கை அறியாதவர்க்கு ஒரு சொல். பால் வெட்டுவோர் விடியலிலேயே மலைக்குப் போய்விடுவர். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். மரப்பட்டையிற் சாய்வாக இட்ட கோட்டின் கீழ்விளிம்பை, ஒரு மில்லிமீற்றரைச் சிறிதே கடந்த கனத்துக்குச் சீவுவர். பால் அக்கோட்டின் வழியே இறங்கிச் சிரட்டையில் வடியும். நண்பகலளவிற் சேர்த்த பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் வெட்டு வேலை முடிந்தது. தேயிலை மலையில் மாலைவரை நீளும் நாள் இங்கே சற்று முன்னரே முடியும். மழை பெய்தால் வெட்டே இல்லை. ஆகவே பிற்பகலில் எங்கள் லயங்களில் ஒருவகை ஓய்வு உண்டு. அந்த ஓய்வுக்கு வீட்டுத் திண்ணையும் கைத்தொலைபேசியும், கசிப்பும் தவிர வேறு கதியில்லை. பிள்ளைகளும் இப்போது குறைவு. பதினெட்டு வயதானவர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுகின்றனர். முன்னர் சட்டமும் கலவரமும் கலைத்த குழுவை இப்போது கூலி கலைக்கின்றது.

தோட்டத்தின் மேற்புறத்திற் கிழட்டு இறப்பர் மலையொன்று உண்டு. முப்பது ஆண்டளவிலே மரம் பயன் ஓயும். பின்னர் வேரோடு பிடுங்கி மறுநடுகை செய்வர். இந்த மலையில் வெட்டு நின்று ஈராண்டாகியிருந்தது. பற்றை அவ்வளவாக மண்டவில்லை. நான் முகாமையாளரைக் காணச் சென்றேன். 1992ஆம் ஆண்டிலே தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனபின்னும் அவரைத் ‘துரை’ என்றே எங்கள் சனங்கள் அழைப்பர். அவர் சிங்கள இளைஞர், மரியாதையானவர். தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நிபந்தனைகள் விதித்தார்: நிலத்தைத் தோண்டி எதுவும் நாட்டக்கூடாது, வெட்டு நடைபெறும் மலைக்குள் தட்டு வரக்கூடாது, மறுநடுகைக்கு மரம் விழும் நாளில் அனுமதி தானே முடிந்துவிடும். எழுத்தில் எதுவும் தரமுடியாது என்றும் சொன்னார். நான் அதிகம் கேட்கவில்லை.

தடை வந்தது வேறிடத்திலிருந்து. ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரர் ஒருவர், என்னினும் ஐந்தாறு வயது மூத்தவர், தட்டொன்று மரத்தில் மோதிய ஒலியைக் கேட்டு மேலே ஏறிவந்தார்.

“என்னா மாஸ்டர் இது? மரத்துல அடிக்கிறீங்களே. பட்டை போயிருச்சின்னா பால் ஏது?”

“பால் வெட்டு முடிஞ்ச மரந்தானே, அண்ணே?”

“வெட்டு முடிஞ்சது கம்பனிக்கு. மரத்துக்கா முடிஞ்சது?”

அவர் சொன்னதை நகைப்பதற்கில்லை. பட்டையிற் கத்தி ஆழமாகப் பட்டால் அவ்விடம் கழலையாகப் புடைத்து மீண்டும் வெட்டுக்கு உதவாது போகும். நாற்பதாண்டு அந்தக் காயம் படாமற் சீவிய கை அவருடையது. ஆகவே மறுநாள் அவரையே முன்னே நடக்கவிட்டோம். மலையின் ஒவ்வொரு மரத்தையும் அவர் அறிந்திருந்தார். எது உள்ளே உளுத்தது, எது காற்றுக்கு விழும், எந்த வரிசையில் இடைவெளி உண்டு என்று காட்டினார். இறப்பர் மரங்களை மலைச்சரிவிற் சமவுயர வரிசைகளாக நடுவதால் வரிசைக்கு வரிசை இடைவெளி ஒரு நடைபாதைபோல் வளைந்து செல்லும். அந்த வளைவுகளே எங்கள் எறிவழிகளாயின. ஒன்பது கூடைக்கு இடம் குறித்தவர் அவர்தாம். தட்டுக் கோல்ப் என்ற பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ‘தட்டு வெட்டு’ என்பார். சிறுவர்களும் அவ்வாறே சொல்லத் தொடங்கினர். எனக்கும் அதுவே பிடித்தது.

கூடை செய்த கதை சற்று நீளமானது. சங்கிலி விலைகூடியது. எதற்குச் சங்கிலி, கூடையை மட்டும் தொங்கவிடுவோம் என்றனர் பிள்ளைகள். ஒருத்தி வீட்டுப் பரணிலிருந்து பாட்டியின் கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்தாள். அந்தப் பாட்டி முன்னர்த் தெரணியகலைப் பக்கத்துத் தேயிலையில் வேலை செய்தவர். கூடையைக் கிளையிற் கட்டி எறிந்து பார்த்தோம். உள்ளே புகுந்த தட்டு மறுபக்கத்து விளிம்பில் மோதித் துள்ளி வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் சங்கிலியின் பயன் விளங்கிற்று. அது அலங்காரமன்று. தட்டின் வேகத்தைத் தான் வாங்கி, அதனை நேர்கீழே விழச்செய்வது. சங்கிலிக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டித் தொங்கவிட்டோம். நாடா இலேசாயிருந்தமையால் தட்டு ஊடுருவிப் போயிற்று. ஒவ்வொரு நாடாவின் நுனியிலும் ஒரு பழைய இரும்பு நட்டைக் கட்டினோம். தட்டு நின்றது. மற்ற எட்டுக் கூடைகளையும் சைக்கிள் வளையத்தாலும் மூங்கிற் பிளாச்சாலும் செய்தோம். எதனையும் நிலத்தில் நாட்டவில்லை. கயிற்றால் உளுத்த மரங்களிற் கட்டினோம்.

பேரன் மூன்று வாரத்திற் போய்விட்டான். களம் நின்றது.

நாலாம் கூடைக்கு வழி வலப்பக்கமாக வளையும். வலக்கையால் உடலின் குறுக்கே வீசும் தட்டு வேகம் தணியும்போது இடப்பக்கம் சாயும். அது தட்டின் சுழற்சியால் வருவது, எறிபவர் தவறன்று. ஆகவே எங்களிற் பெரும்பாலோர்க்கு நாலாம் கூடை ஐந்தெறிக்குக் குறைவதில்லை. கொழுந்துக் கூடை கொண்டுவந்த சிறுமி இடக்கைக்காரி. அவள் எறியும் தட்டு வழியோடு வளைந்து போய்க் கூடையடியில் விழும். பள்ளியில் அவள் இடக்கையால் எழுதுவதை மாற்ற எத்தனையோ முயன்றிருக்கின்றனர். நாலாம் கூடைக்குப் பின் அவள் கையைப்பற்றி எவரும் பேசக் காணேன்.

பெண்பிள்ளைகள் வந்தது நான் எதிர்பாராதது. லயத்து வாசற் கிரிக்கெட்டில் அவர்கள் படிக்கட்டில் இருந்து பார்ப்பர், அவ்வளவே. தட்டு வெட்டுக்கு அவர்கள் வந்ததன் காரணம் சாதாரணமானது. விறகு பொறுக்க எப்படியும் அந்த மலைக்கு வரவேண்டியிருந்தது. ஒரு கூடைக்கும் மறுகூடைக்கும் இடையே காய்ந்த இறப்பர்க் கிளைகளைச் சேர்ப்பர். ஒன்பதாம் கூடையில் ஆட்டமும் கட்டும் ஒருசேர முடியும். அதனால் தாய்மார் தடுத்திலர். அந்தச் சிறுமியின் தாய் ஒருநாள் மாலை தானே ஏறிவந்து மகளை அழைப்பதுபோல் நின்று, எவரும் பாராதபோது ஒரு தட்டை எறிந்தாள். அது முதல் மரத்திலேயே மோதிற்று. “இன்னொண்ணு குடு” என்றாள்.

அட்டைக் கடியைச் சொல்லாமல் விடலாகாது. சப்பிரகமுவ மழையில் அட்டை இல்லாத மலை ஏது? காலிற் சவர்க்காரம் பூசிக்கொண்டு ஏறுவோம். பெப்ரவரியில் இறப்பர் இலை செம்பு நிறமாகி உதிரும். அப்போது மலை முழுதும் ஒளி புகும், எறிவதற்கு அதுவே நற்காலம். இறப்பர் விதை வெடிக்கும் மாதங்களில் தலைக்குமேல் ‘சட சட’ என்று ஒலி. சிறுவர் அதனைக் கைதட்டல் என்பர். தட்டுகள் தொலைவது பெருந்துன்பம். ஆறு தட்டில் ஒன்று ஓடையோடு போயிற்று. பச்சைத் தட்டு எறிந்த மறுகணமே காணாமற் போயிற்று. இருபதுபேர் தேடியும் அகப்படவில்லை.

இனி வரப்போவது மறுநடுகை. 2025இல் மரவியாபாரியின் ஆட்கள் வந்து மரங்களுக்கு வெள்ளை மையால் இலக்கமிட்டனர். வாக்களித்தபடி நாங்கள் கூடைகளை அவிழ்க்கவேண்டும். அதிற் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த களம் எங்கே என்பதே வினா. அதனைப் பேசப் பிள்ளையார் கோயிலடியிற் கூடினோம். ஒருவர், தொழிற்சங்கத்திற் பழகியவர், எழுந்து கேட்டார்: “ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி கேட்டு எத்தனை வருசம் நாயா அலையிறோம். இவங்க நாலு ஏக்கர்ல தட்டு வீசுறாங்களா?” கணக்கு அவர் சொன்னபடியே. நாலு ஏக்கர் என்பது 640 பேர்ச். தொண்ணூற்றொரு குடும்பத்துக்கு ஏழேழு பேர்ச் வரும். லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை ஒன்றாய்ப் படுத்துறங்கும் மக்களின் முன்னே விளையாட்டு நிலம் என்று பேச எனக்கு நா எழவில்லை. அவர் பக்கமே நியாயம் என்று தோன்றிற்று. இப்போதும் வீடு என்றால் வீடே முதல் என்பேன்.

அப்போது அந்தப் பழைய பால்வெட்டுக்காரர் எழுந்து கோயிலின் பின்புறத்துச் சரிவைக் காட்டினார். அங்கே எவரும் வீடு கட்ட முடியாது. மண்சரிவு அபாயம் உள்ளதென அதிகாரிகள் குறித்த நிலம் அது. கேகாலை மாவட்டத்தில் இந்தச் சொல்லின் பொருளை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதம் அரநாயக்கையில் மலை இறங்கிக் கிராமங்களை மூடியதை அறிவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அத்தகைய சரிவுகளைப் படத்திற் குறித்து, கட்டடத்துக்கு ஆகாது என்கின்றது. மரம் நின்று மண்ணைப் பிடிக்கவேண்டிய இடம். “வீட்டுக்கு ஆகாத நெலம் தட்டுக்கு ஆகும்ல?” என்றார் முதியவர். சங்கத்துக்காரர் சற்று யோசித்து, மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் எவரும் அங்கே போகலாகாது என்று விதி செய்தால் தமக்கு ஆட்சேபமில்லை என்றார். அவர் சொன்ன விதி சரியான விதி. அதனை எங்கள் முதல் விதியாக எழுதியுள்ளோம். மண்ணை வெட்டுவதில்லை, மரத்தை அகற்றுவதில்லை என்பன இரண்டாவதும் மூன்றாவதும். அந்நிலமும் கம்பனியின் குத்தகையில் உள்ளதே. துரைக்கு மனு கொடுத்திருக்கின்றோம். இம்முறை எழுத்தில் விடை கேட்டிருக்கின்றோம். சிறுமிகள் இருவரும் மனுவிற் கையொப்பமிட்டனர், ஒருத்தி இடக்கையால்.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகின்றேன். ரொறன்ரோவிலும் பிற ஊர்களிலும் உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆடிக் கழித்த தட்டுகள் வீட்டு நிலவறையிற் கிடக்கக்கூடும். விளிம்பு தேய்ந்ததாயினும் குற்றமில்லை. தேய்ந்தவை நேராகப் பறக்குமென்று பேரன் சொல்கின்றான். 150 கிராமளவில் உள்ளவை சிறுவர் கைக்கு ஏற்றவை. ஊருக்கு வருவோரின் பெட்டியில் இரண்டு மூன்றை வைத்துக் கல்லூரிப் பழைய மாணவர் சங்க முகவரிக்குச் சேர்ப்பித்தால் நான் பெற்றுக்கொள்வேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, எந்த நிறமாயினும் அனுப்புக. பச்சை மட்டும் வேண்டா.